கண்ணருகே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் ஒளுவும் தொழுகையும்

நோயாளிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகைகளை அறியாத காரணத்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான தவறுகள் நடந்து வருகின்றன. சிலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த நாள் முதல் தொழுகையை அப்படியே விட்டுவிடுகின்றனர். "முகத்தில் கட்டு இருக்கிறது, ஒளுச் செய்ய முடியாது, குணமான பின் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இவர்களின் வாதம். வேறு சிலரோ, பேணுதல் மிகுதியால், டாக்டர் போட்ட கட்டைத் தாமே பிரித்துவிட்டு முகத்தைக் கழுவி, ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் அழுத்தித் தொழுகின்றனர். முந்தியவர் அல்லாஹ்வின் கடமையை வீணாக்குகிறார். பிந்தியவர் அல்லாஹ் தந்த கண்ணை வீணாக்கத் துணிகிறார். இரண்டுக்கும் மார்க்கத்தில் அனுமதி இல்லை.

உடம்பில் எங்கே காயம் பட்டாலும் இந்தப் பிரச்சினை உண்டு என்றாலும், கண்ணை ஒட்டிய இடத்தில் வரும்போது அது மிகவும் கடினமாகிவிடுகிறது. ஒளுவின் முதல் ஃபர்ளான உறுப்பு முகம். தயம்முமின் உறுப்பும் முகமே. மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துவதும், ஸஜ்தாவில் குனிவதும் அந்த இடத்தையே தாக்குகின்றன. ஆகவே இதற்கென்று தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, கண்ணீர்ப் பை அடைப்பை எடுத்துக்கொள்வோம். நடுவயது கடந்த பெண்களுக்கு இது அதிகம். நம் கண்ணில் ஊறும் நீர், மூக்கை ஒட்டிய கண்மூலையில் இமைகளின் ஓரத்திலுள்ள ஊசிமுனையளவு துவாரங்கள் வழியே ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றின் வழியே மூக்கினுள் வடிகிறது. நாம் அழும்போது மூக்கிலும் நீர் வருவது இதனால்தான். அந்தக் குழாய் அடைபட்டால் கண்ணில் ஓயாமல் நீர் வழியும். பையில் சீழ் கட்டி வீங்கும். மூக்கின் பக்கவாட்டில் சிறிதாகக் கீறி, எலும்பில் ஒரு துவாரம் செய்து, பைக்கும் மூக்கிற்கும் நேர்வழி உண்டாக்குவதுதான் இதற்குரிய அறுவைச் சிகிச்சை. 1904ஆம் ஆண்டு தோத்தி என்ற இத்தாலிய வைத்தியர் இம்முறையை வெளியிட்டார். ஆனால் நோய் பழையது. அரபு வைத்தியர்கள் இதனை 'ஃகர்பு' என்ற பெயரால் அறிந்திருந்தனர். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் வைத்தியமேதை அபுல் காஸிம் ஸஹ்ராவீ அவர்கள் 'தஸ்ரீஃப்' என்ற தம் பெருநூலில் இதற்குச் சூடிட்டுச் சிகிச்சை செய்யும் முறையை விளக்கியுள்ளார்கள். இமையில் கட்டி அகற்றுவோர், இமைத் தொங்கலைச் சரிசெய்வோர், விபத்தில் கண்குழி எலும்பு முறிந்து சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கும் கீழ்வரும் சட்டங்களில் பெரும்பாலானவை பொருந்தும்.

முகத்தில் கத்தி வைப்பது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று கேட்போர் உண்டு. நோயை நீக்குவதும் பழுதைச் சரிசெய்வதும் அந்த வகையில் சேராது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள்; அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே கூறினார்கள் என்று அபூதாவூது, திர்மிதீ நூல்களில் வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும் இந்த அனுமதி! இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி, சிகிச்சைக்குப் பின் டாக்டர்கள் விதிக்கும் பத்தியங்களைக் கவனியுங்கள். தையல் பிரிக்கும் வரை (பொதுவாக ஒரு வாரம் அளவில்) காயத்தில் தண்ணீர் படக் கூடாது. ஒன்றிரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது; சிந்தினால் காற்று காயத்தின் வழியே இமைக்குள் புகுந்து வீங்கும், இரத்தமும் பெருகும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையைத் தாழ்த்திக் குனிவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மலச்சிக்கலால் முக்குவது ஆகியவை முகத்தில் இரத்த வேகத்தைக் கூட்டுவதால் ஆகாதவை. தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். முதல் ஓரிரு நாட்கள் கொதிக்கும் தேநீரும் கஞ்சியும் வேண்டாம். மூக்கில் இரத்தம் கசியலாம். நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சை செய்த டாக்டர் சொல்வதே கணக்கு.

இவற்றையும் ஒளு, தொழுகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

அடிப்படை ஹதீதை முதலில் அறிந்துகொள்வோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வரும் செய்தி இது: பயணத்தில் இருந்த ஒருவருக்குக் கல் பட்டுத் தலை பிளந்துவிட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தமக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டனர். குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுங்கோபம் கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதல்லவா என்றும் கண்டித்தார்கள். தயம்மும் செய்து, காயத்தின் மேல் துணி கட்டி அதன்மீது மஸ்ஹு செய்து, மற்ற உடம்பைக் கழுவியிருந்தால் போதுமாக இருந்தது என்றும் கூறியதாக அந்த அறிவிப்பில் உள்ளது. இந்தக் கடைசிப் பகுதியின் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீதுக் கலை வல்லுநர்கள் கூறியிருப்பினும், கட்டின்மீது மஸ்ஹு செய்வதை நான்கு மத்ஹபு இமாம்களும் ஏற்றுள்ளனர்.

அந்தத் தோழர்கள் பேணுதல் உள்ளவர்கள்தாம். சலுகையை மறுப்பதே பேணுதல் என்று எண்ணிவிட்டார்கள். இன்று நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "இதற்கெல்லாமா தொழுகையில் சலுகை?" என்று பேசும் உறவினர்கள் இந்த ஹதீதை ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி செய்முறை இவ்வாறு: முகத்தில் கட்டு இல்லாத நல்ல பகுதியைக் கழுவ வேண்டும். கட்டின் மேல் முழுவதும் ஈரக்கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். காயம்பட்ட இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஒளுவில் வரிசைமுறை ஃபர்ளாதலால், முகத்துக்குரிய இம்மூன்றையும் முடித்த பிறகே கைகளைக் கழுவத் தொடங்க வேண்டும். மூன்றில் எதை முதலில் செய்தாலும் கூடும். அடுத்த ஃபர்ளுத் தொழுகையின் நேரம் வந்து, ஒளு முறியாமல் இருந்தால், தயம்முமை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

நல்ல பகுதியைக் கழுவும்போது தண்ணீர் காயத்துக்கு ஓடிவிடுமே என்ற கவலைக்கு நம் இமாம்கள் அருமையான வழி சொல்லியிருக்கிறார்கள். சுத்தமான துணியை நனைத்துக் காயத்தின் அருகிலுள்ள நல்ல தோலில் வைத்து மெல்ல அழுத்தினால், அதிலிருந்து கசியும் நீரே அந்த இடத்தைக் கழுவிவிடும். தலையை நலமான பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு வீட்டிலுள்ளவர் ஒருவர் இதனைச் செய்துவிடலாம். உள்ளங்கை நிறையத் தண்ணீர் அள்ளி முகத்தில் அடிக்கும் பழக்கத்தைச் சில நாட்கள் மறந்துவிட வேண்டும். தயம்முமின் புழுதியும் அப்படியே. முகத்தின் நல்ல பகுதியில் தடவினால் போதும். தையலின் மேல் மண் படக் கூடாது. அது சீழ் பிடிக்க வழிசெய்வதாகும்.

சில நாட்களில் கட்டை எடுத்துவிட்டுத் தையலைத் திறந்தே விடுவார்கள். அப்போது மஸ்ஹு செய்வதற்காக ஒரு துணியைக் கட்டிக்கொள்ள வேண்டிய கடமை இல்லை. திறந்த காயத்தின்மீது ஈரக்கையால் தடவுவதும் ஷாஃபிஈ மத்ஹபில் கடமையில்லை. நல்ல பகுதியைக் கழுவித் தயம்மும் செய்தால் போதும்.

ஹனஃபீ மத்ஹபில் கழுவுதலையும் தயம்முமையும் ஒன்றுசேர்ப்பதில்லை. நல்ல பகுதியைக் கழுவி, காயத்தை ஈரக்கையால் தடவ வேண்டும். அது தீங்கு செய்தால் கட்டின் பெரும்பகுதியைத் தடவ வேண்டும். அதுவும் தீங்கு செய்யுமானால் அந்தக் கடமையே நீங்கிவிடுகிறது. கட்டுப் போடும்போது ஒளு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. புண் ஆறாமல் கட்டு நழுவி விழுந்தால் மஸ்ஹு முறியாது. ஆறிய பின் விழுந்தால் முறியும், அந்த இடத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

தொழுதவற்றை மீட்டித் தொழ வேண்டுமா? ஹனஃபீகளுக்கு வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில்தான் இந்தக் கேள்வி கனமானது. கட்டு, தயம்முமின் உறுப்புகளான முகத்திலோ கைகளிலோ இருந்தால், அந்தத் தொழுகைகளைக் குணமான பின் மீட்டித் தொழ வேண்டும் என்பதே பிற்கால இமாம்கள் உறுதி செய்த தீர்ப்பு. கழுவுதலும் அதற்குப் பகரமான தயம்முமும் இரண்டுமே அந்த இடத்தில் குறைப்பட்டுவிட்டன என்பது காரணம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரவ்ளா'வில் இவ்வாறே எழுதியிருக்க, 'மஜ்மூஃ'வில் பெரும்பாலான இமாம்களின் பொதுவான கூற்றின்படி இந்த வேறுபாடு இல்லை என்றும் சுட்டியுள்ளார்கள். ஒரு வாரம் கட்டு இருந்தால் 35 தொழுகைகள். நம் மஹல்லாவில் ஒரு தாயார், கட்டு இருந்த நாட்களைச் சுவரிலிருந்த காலண்டரில் கோடிட்டு வைத்து, குணமான பின் ஒவ்வொரு வக்திலும் ஒன்றாக அவற்றைத் தொழுது முடித்தார்கள். நமக்கு இது மிகவும் பிடித்த வழி. மீட்ட வேண்டியிருக்கிறதே என்பதற்காக அந்நேரத்துத் தொழுகையை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நேரத்தின் கண்ணியத்துக்காக அப்போது தொழுவதும் கடமை. பலவீனர்களும் முதியோரும் இதில் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்ற விரும்பினால், அம்மத்ஹபின் மற்ற நிபந்தனைகளையும் சேர்த்தே பேண வேண்டும். அதனைத் தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுச் செய்வது நல்லது.

அந்நிபந்தனைகளில் ஒன்று இரத்தம் பற்றியது. காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபீ மத்ஹபில் ஒளு முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், ஒளுச் செய்து தொழும் அளவு இடைவெளிகூட இல்லாமல் கசிந்துகொண்டே இருந்தால், ஹனஃபீகளிடம் அவர் 'மஃதூர்' எனும் தகுதி பெறுகிறார். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒருமுறை ஒளுச் செய்தால் போதும்.

மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதைப் பற்றி இருவரும் கவனிக்க வேண்டும். ஒளுவில் அது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் சுன்னத்து. ஆகவே டாக்டர் தடுத்த நாட்களில் தயங்காமல் விட்டுவிடலாம். சுன்னத்தை விட மனமில்லாமல் லேசாக உறிஞ்சிச் சிந்திப் பார்ப்பது பெருந்தவறு. கடமையான குளிப்பில் ஹனஃபீகளுக்கு மூக்கின் உட்பகுதியைக் கழுவுவது ஃபர்ளு. தீங்கு உண்டென்றால் அந்த ஃபர்ளும் நீங்கிவிடும். குளிப்பில் தலைக்கு ஊற்றும்போது தலையைப் பின்னால் சாய்த்து, பிறர் ஒருவர் பிடரிப் பக்கமாக ஊற்ற வேண்டும். கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது எப்போதுமே கடமையில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் குளிப்பில் கண்களுக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டதாக 'முவத்தா'வில் வருகிறது. அது அவர்களின் தனிப் பேணுதல்.

இனித் தொழுகை. மூலநோய் கண்டிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயில் உள்ளது. கண் நோயாளிக்கோ நிற்க முடியும், உட்கார முடியும், குனிவதுதான் ஆபத்து. ஷாஃபிஈ மத்ஹபில் இவர் நின்றே தக்பீர் கட்டி, ருகூஉக்கு இயன்ற அளவு தலையைச் சாய்த்து, பின் உட்கார்ந்து ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகச் சாய்க்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் ருகூஉ, ஸஜ்தா இயலாதவர் உட்கார்ந்தபடி சாடையால் தொழுவதே சிறந்தது. இருவருக்கும் ஸஜ்தாவின் சாடை ருகூஉவின் சாடையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம். தலையணையையோ பலகையையோ முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அதில் நெற்றி வைப்பது தேவையில்லாதது.

"நாம் ஸஜ்தாவை விட்டுவிட்டோமே" என்று அழும் மூதாட்டிகள் உண்டு. அழுகையும் அந்தக் காயத்துக்கு நல்லதல்ல என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கண்பார்வை குன்றியபோது, சில நாட்கள் படுத்தபடியே தொழுதால் சிகிச்சை செய்யலாம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்று அறிவிக்கப்படுகிறது. இந்தச் செய்தியை அறிந்திருந்தும், நம்பகமான வைத்தியர் சொன்னால் கண் நோயாளி மல்லாந்து படுத்தே தொழலாம் என்பதுதான் சரியான கூற்று என்று ஷாஃபிஈ இமாம்கள் தீர்ப்பளித்தார்கள். ஒரு ஸஹாபியின் மன உறுதி அவர்களுக்குரியது. சட்டம் எல்லோருக்கும் உரியது. வைத்தியர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்றால், மற்றவராயினும் அவர் சொல் உண்மை என்று மனத்தில் பட்டால் அதன்படி செயல்படலாம்.

குனிய அனுமதி கிடைத்த பின்னும் மூக்கின் ஓரம் சில காலம் நோகும். அப்போது நெற்றியை மட்டும் மெல்ல வைத்து, மூக்கைத் தரையில் அழுத்தாமல் ஸஜ்தாச் செய்யலாம். ஷாஃபிஈகளுக்கு மூக்கை வைப்பது சுன்னத்து. ஹனஃபீகளுக்கு வாஜிபு, ஆனால் காரணம் இருந்தால் விடலாம். ஜும்ஆவின் நெரிசலில் ஒருவர் முழங்கை பட்டாலும் போதும், தையல் விட்டுவிடும். நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, லுஹரைத் தொழுதுகொள்ளட்டும்.

நோன்பு நாட்களாக இருந்தால், கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரியே. மூக்கில் தெளிக்கும் மருந்து உள்ளே சென்றால் முறிந்துவிடும். இந்தச் சிகிச்சைக்குப் பின் மூக்கு மருந்தும் கொடுப்பார்கள். எனவே நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்வதுதான் வழி. 2ஆம் அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் நோயாளிக்கு இதனை அனுமதிக்கின்றன.

வீட்டாருக்கும் சில சொற்கள். சுர்மா இடுவது சுன்னத்துத்தான். டாக்டர் அனுமதிக்கும் வரை அந்தக் கண்ணுக்கு வேண்டாம். ஜம்ஜம் நீரையும் ஓதி ஊதிய தண்ணீரையும் குடிக்கக் கொடுங்கள், காயத்தில் விடாதீர்கள்; பரக்கத்து இருப்பதால் அதில் கிருமி வளராது என்று யாரும் நமக்கு உறுதி தரவில்லை. ஓதிப் பார்ப்பவர் சற்றுத் தள்ளி இருந்தே ஓதட்டும். நலம் விசாரிக்க வருவோர் கட்டித் தழுவி முகத்தோடு முகம் சேர்ப்பதையும், சிறு பிள்ளைகளை நோயாளியின் மடியில் விடுவதையும் தவிர்க்க வேண்டும். பெண்கள் முந்தானையையோ துப்பட்டியையோ மூக்குத் தண்டின்மேல் இறுக்கிக் கட்ட வேண்டாம். அந்நியர் வரும்போது நெற்றியிலிருந்து தளர்வாகத் தொங்கவிட்டால் போதும்.

பார்வை திடீரென மங்கினாலும், கண் தாங்க முடியாமல் வலித்தாலும், கண் வெளியே பிதுங்கினாலும், மூக்கில் இரத்தம் நிற்காமல் கொட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரவு, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணின் பின்புறம் இரத்தம் கட்டினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். தொழுகையில் இருந்தாலும் அதனை முறித்துவிட்டுப் புறப்படலாம், பிறகு தொழுதுகொள்ளலாம். காய்ச்சல், சீழ், பரவிவரும் செந்நிற வீக்கம் ஆகியவற்றையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஆப்பரேஷனுக்குப் புறப்படுமுன் ஒளுச் செய்து, அந்நேரத்துத் தொழுகையை முடித்துக்கொண்டு செல்லுங்கள். டாக்டர் நேரம் கேட்டால் சுபுஹுக்குப் பின்னோ லுஹருக்குப் பின்னோ கேட்டு வாங்கலாம்.

கடைசியாக ஒரு மஸ்அலா. சிலருக்குப் புதிய வழி அடையாமலிருக்க மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றை உள்ளே வைத்துச் சில வாரங்களோ மாதங்களோ விட்டுவைப்பார்கள். கண்மூலையில் அது நூல்போலத் தெரியும். ஒளுவில் தண்ணீர் சேர்வதை அது தடுக்கிறதா என்று நம்மிடம் கேட்கிறார்கள். கண்ணின் உட்பகுதி கழுவ வேண்டிய இடமே அல்லவாதலால் ஒளுவுக்கும் குளிப்புக்கும் அதனால் குறையில்லை. மூக்கினுள் இருக்கும் முனையும் அப்படியே. டாக்டர் அனுமதித்த பின் மூக்கிற்குத் தண்ணீர் செலுத்தும்போது எட்டுகிற இடத்துக்கு எட்டினால் போதும். முகம் கழுவும்போது கண்மூலையைத் தேய்க்காதீர்கள். தற்செயலாக அது வெளியே நீண்டு வந்துவிட்டால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு டாக்டரிடம் செல்லுங்கள்.